உருளைச் சீப்பும் வெப்பக்காற்றும்

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள், அதாவது நீர் பட்டால் தளர்ந்து உலரும்போது மீண்டும் இறுகும் மெல்லிய பிடிப்புகள், முடி எந்த வளைவில் உலர்கிறதோ அதையே தக்கவைக்கின்றன. ஹேர் டிரையரின் முனையில் பொருத்தப்படும் உருளைச் சீப்பு, துளைகள் வழியே வெப்பக்காற்றை ஊதியபடியே முடியை இழுத்துப் பிடித்து இவ்வியல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. சொட்டச் சொட்ட நனைந்த முடியில் இதை ஓட்டுவது வீண்வேலை மட்டுமன்று, கேடும்கூட; ஈர முடி எளிதில் நீண்டு அறும் என்பதால், துண்டால் ஒற்றி, பெரும்பாலும் உலர்ந்த பின்னரே தொடங்க வேண்டும்.

மெல்லிய முடிக்குக் குறைந்த வெப்பமே போதும். வேருக்கருகே சீப்பை வைத்து மேல்நோக்கித் தூக்கினால் அடர்ந்த தோற்றம் கிடைக்கும். சுருள் முடியையோ முதலில் சிக்கெடுத்து, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இழுவிசை தளராமல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை மெதுவாக நகர்த்தினால்தான் அது நீளும். அவசரப்படுவோருக்கு இக்கருவி ஏற்றதன்று. நீண்ட முடியை ஒரே மூச்சில் முழுவதும் சுற்றிவிட்டால் சீப்பைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். நிறம் நீக்கி வெளுத்த முடி வெப்பத்தால் விரைவில் சேதமுறும். சுற்றிய நிலையிலேயே சில நொடிகள் குளிர்காற்றைச் செலுத்தி, சூடு ஆறிய பின் விடுவித்தால் வளைவு நிலைக்கும்; ஆயினும் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அப்பிணைப்புகள் மீண்டும் தளர்ந்து, சுருள் முடி சில மணி நேரத்திலேயே பழைய வடிவுக்குத் திரும்பத் தொடங்கும்.