காலி ஸ்லாட்டில் என்ன செருகலாம்?

உங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறதா? பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்து முடித்து வந்தாலும் அது இன்னும் தூங்கி வழிகிறதா? தூக்கிப் போடுமுன் சற்றுப் பொறுங்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு காலி இடம் இருக்கக்கூடும்.

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒரு மடிக்கணினி இருந்தது. மாணவர்கள் சோதனைக்குக் கருவிகளைத் தயார் செய்து விடுவார்கள். கணிப்பொறி மட்டும் தயாராகாது. கழித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். விரல் நீளத்திற்கு ஒரு காலி இடம். அதன் ஓரத்தில் மெல்லிய ஸ்லாட் ஒன்று. இதற்கு ‘எம்.2’ என்று பெயர்.

அந்தக் கணிப்பொறி ஏன் அவ்வளவு மெதுவாக இயங்கியது? ஒரு சிறு கணக்குப் போடுவோமா? அதிலிருந்த ஹார்டு டிஸ்க் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி நொடி ஆகும். தேடும் தகவல் படிக்கும் முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி நொடி வேண்டும். முனை நகர்ந்து வரும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் 15 மில்லி நொடி என்று கொள்ளலாம். கணிப்பொறி விழிக்கும்போது வெவ்வேறு இடங்களில் கிடக்கும் 20,000 துணுக்குகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 நொடி, அதாவது 5 நிமிடம்!

எஸ்.எஸ்.டி. என்னும் நினைவக அட்டையில் சுழலும் பகுதியே இல்லை. ஒரு துணுக்கை எடுக்க 0.1 மில்லி நொடி ஆகும் என்று கொண்டால், அதே வேலை 2 நொடியில் முடிந்துவிடும். காலி ஸ்லாட்டின் முதல் பயன் இதுதான். இயக்க மென்பொருளைப் புதிய அட்டையில் நிறுவிவிட்டு, படங்களையும் பாடங்களையும் பழைய டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பொருந்தினால் போதுமா?

நானும் கடைக்கு ஓடி ஓர் அட்டையை வாங்கி வந்தேன். அழகாகப் பொருந்தியது. ஆனால் கணிப்பொறியோ, அப்படி ஓர் அட்டையே இல்லை என்றது! அட்டை பழுதா? இல்லை. தவறு என்னுடையது.

வீட்டுக் கதவு ஒரே மாதிரி இருந்தாலும் வாசலுக்கு வெளியே இருப்பது ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கலாம், நால்வழிச் சாலையாகவும் இருக்கலாம் அல்லவா? எம்.2 ஸ்லாட்டும் அப்படித்தான். சிலவற்றின் பின்னே ‘சாட்டா’ என்னும் பழைய பாதை மட்டும் இருக்கும். இதில் நொடிக்கு 600 மெகாபைட் வரை செல்லலாம். வேறு சிலவற்றின் பின்னே ‘பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்’ என்னும் பாதைகள் நான்கு வரை இருக்கும். இவற்றின் மூன்றாம் தலைமுறையில், நான்கு பாதைகளும் சேர்ந்தால் நொடிக்குச் சுமார் 3,900 மெகாபைட்! நான் வாங்கியது இரண்டாம் வகைக்கான ‘என்.வி.எம்.இ.’ அட்டை. எங்கள் கணிப்பொறியில் இருந்ததோ முதல் வகைப் பாதை. கடைக்காரர் சாட்டா அட்டையாக மாற்றிக் கொடுத்தார். கழிக்க இருந்த மடிக்கணினி இன்றும் ஆய்வுக்கூடத்தில் உழைக்கிறது.

ஆகவே வாங்குமுன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, அளவு. அட்டையில் 2280 என்றிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். 2242 என்றால் நீளம் 42 தான். இரண்டாவது, அட்டையின் விளிம்பிலுள்ள வெட்டு. இதை ‘கீ’ என்பார்கள். எம், பி, இ என வகைகள் உண்டு. வெட்டு பொருந்தாவிட்டால் அட்டை நுழையாது, அழுத்தித் திணிக்காதீர்கள். மூன்றாவது, பின்னே இருக்கும் பாதை. இதைக் கண்ணால் காண முடியாது. மடிக்கணினி நிறுவனத்தின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

வேறு என்ன செய்யலாம்?

அலுவலக வகை மடிக்கணினிகள் சிலவற்றில் ‘பி’ வகை ஸ்லாட் காலியாக இருக்கும். இது சிம் கார்டுடன் இயங்கும் மோடத்திற்கானது. ஆண்டெனாக் கம்பிகள் உள்ளே ஏற்கெனவே இருந்தால் இதில் 4ஜி மோடத்தைப் பொருத்தலாம். ஆனால் சில நிறுவனங்களின் கணிப்பொறிகள் தாங்கள் அங்கீகரித்த மோடத்தை மட்டுமே ஏற்கும். சிலவற்றில் இதே ஸ்லாட்டில் 42 மில்லிமீட்டர் எஸ்.எஸ்.டி.யும் வேலை செய்யும்.

செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைச் செய்யும் அட்டைகளும் உண்டு. கூகுளின் ‘கோரல்’ சில்லு சுமார் 2 வாட் மின்திறனில் நொடிக்கு 4 லட்சம் கோடி செயல்களைச் செய்யும். இந்த ஸ்லாட்டிலிருந்து கம்பி இழுத்து வெளியே பெரிய கிராபிக்ஸ் அட்டையை இணைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஸ்லாட் தருவது 3.3 வோல்ட் மட்டுமே. அந்த அட்டைக்கோ 12 வோல்ட் வேண்டும். தனி மின்வழங்கி வைத்தாக வேண்டும்.

இன்னும் பழைய மடிக்கணினி என்றால் பக்கவாட்டில் ஒரு நீண்ட வாய் இருக்கலாம். அது 2003-ல் வந்த ‘எக்ஸ்பிரஸ் கார்டு’ ஸ்லாட்டாக இருந்தால், யு.எஸ்.பி. 3.0 தரும் அட்டையை அதில் செருகலாம். பென்டிரைவில் நகல் எடுக்கும் வேலை விரைவாகும்.

கை வைக்குமுன்...

ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பிறகு தரையிணைப்புள்ள உலோகப் பொருள் ஒன்றைத் தொடுங்கள். ஏன் தெரியுமா? நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் ‘சுரீர்’ என்று நமக்குத் தெரியும். சில்லுகளுக்கோ அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டே ஆபத்து! அட்டையின் விளிம்பைப் பிடித்து, சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அமுக்கித் திருகை முடுக்குங்கள்.

உங்கள் மடிக்கணினியின் மாதிரி எண் அடிப்புறத்தில் இருக்கும். இன்றே குறித்துக்கொண்டு அதன் கையேட்டைத் தேடிப் படியுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்!