பால் டின்னும் வீட்டுக்கு வரும் அக்காவும்

முதலாம் ஆண்டில் என் வகுப்புக்கு வந்து சேர்ந்த ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். பள்ளி திறந்து மூன்று வாரமாகியும் அவன் வாய் திறக்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, கண் தெரிகிறது, உடம்பிலும் குறையில்லை. ஆனால் சிவப்புப் பென்சிலை எடு என்றால் கையில் அகப்பட்டதை எடுப்பான். படப் புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் தாயாரை வரச் சொன்னேன். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். வேலை உடுப்போடும் சேற்றுப் பூட்ஸோடும் வந்து, வகுப்புக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றார். "டீச்சர், பால் மாவுக்கு நான் ஒருநாளும் குறை வைச்சதில்லையே. இன்னும் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"வீட்டில் பேசிப் பழக்குங்கள், புத்தகம் காட்டுங்கள்" என்று கட்டளை போடுவதுபோல் சொல்லி அனுப்பினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. தப்பு என்னுடையது என்று புரிய எனக்குப் பல நாளாயிற்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயிலில் வெந்து, வீடு திரும்பித் துணி துவைத்துச் சோறாக்கும் ஒருத்தியிடம் "பேசிப் பழக்கு" என்றால், எப்படி என்று காட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் வெகு தூரத்தில், ஜமைக்கா என்ற தீவில் கிடைத்திருக்கிறது. அங்கே உள்ளவர்களில் பெரும்பாலோர், வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். அதனால் அவர்கள் கதை நமக்கு அந்நியமில்லை. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் சாலி கிராந்தம்-மெக்கிரெகர் என்ற மருத்துவப் பேராசிரியையும் அவருடன் பணியாற்றியவர்களும், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குட்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. ஒரு பிரிவுக்குப் பால் மாவு இல்லை, வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஒரு பெண் வருவார். இன்னொரு பிரிவுக்கு இரண்டும். கடைசிப் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

வீட்டுக்குப் போன பெண்கள் டாக்டர்களல்லர், தாதிகளுமல்லர். சமூக சுகாதார உதவியாளர் என்று பெயர். பெரிய படிப்புப் படித்தவர்களல்லர், அதே ஊர் மொழி பேசுகிறவர்கள். அவர்கள் கொண்டுபோன விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியதுமல்ல. காலி டப்பா, போத்தல் மூடி, அட்டைப் பெட்டி, துணி என்று தூக்கி எறிகிற பொருள்களிலிருந்து செய்தவை. குழந்தையோடு தாயையும் தரையில் உட்கார வைத்து விளையாடச் செய்வார். பொருளுக்குப் பெயர் சொல்லச் சொல்வார். குழந்தை "பா" என்றால் தாயும் பதிலுக்கு ஏதாவது பேச வேண்டும். தாய் செய்வதைப் பாராட்டிவிட்டு, சாமானை அந்த வாரம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்த வாரம் வேறொன்றோடு வருவார். வேலை அவ்வளவுதான்.

பால் மாவும் முதலில் பலன் தரத்தான் செய்தது. பிள்ளைகள் வளர வளர அந்தப் பலன் தங்கவில்லை. வீட்டுக்கு வந்த பெண் கொடுத்ததோ தங்கியது. அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது அவர்களில் 105 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். வீட்டு வருகை பெற்றவர்களின் வருமானம், பெறாதவர்களுடையதைவிட 25 விழுக்காடு அதிகம். 31 வயதில் கணக்கெடுத்தபோது இந்த வித்தியாசம் 37 விழுக்காடாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் பாலை நிறுத்திவிடாதீர்கள்! பசித்த பிள்ளைக்குப் பால்தான் முதலில். பாலோடு நின்றுவிடக் கூடாது என்பதே பேச்சு.

இதற்குச் செலவு யாருடையது? அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் வேண்டும், பயிற்சி வேண்டும், அவரை மேற்பார்வை செய்ய ஒருவர் வேண்டும். ஏழைத் தாய் கொடுக்க முடியாது. நன்கொடையில் தொடங்கினால் நன்கொடை வற்றும்போது நின்றுவிடும். ஆகவே இது பொதுப் பணத்தில், மக்கள் கட்டும் வரிப் பணத்தில் நடக்க வேண்டிய காரியம்.

அமெரிக்காவில் 1977இல் எல்மைரா என்ற சிற்றூரில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர், முதல் குழந்தையைச் சுமக்கும் தாய்மார்களின் வீட்டுக்குத் தாதிகளை அனுப்பிப் பார்க்கத் தொடங்கினார். இது நாடு முழுமைக்குமான சட்டமாக வந்தது 2010இல்தான். முதல் ஐந்தாண்டுகளுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் 2017 செப்டம்பரில் ஒதுக்கீட்டின் கெடு முடிந்துபோயிற்று. அரசியல்வாதிகள் பேசிக்கொண்டே இருந்து, 2018 பிப்ரவரியில்தான் ஆண்டுக்கு 40 கோடி டாலர் என்று புதுப்பித்தார்கள். இடையில் ஊழியர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற கவலை. குழந்தையின் வளர்ச்சி அதற்காகக் காத்திருக்குமா? 2022இல் மீண்டும் புதுப்பித்து, 2027க்குள் ஆண்டுக்கு 80 கோடி வரை உயர்த்தச் சட்டம் செய்தார்கள்.

பணம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டில் ஜமைக்கா முறையைப் பின்பற்றி, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒன்றரை ஆண்டுகள் செய்து பார்த்தார்கள். முடிந்த கையோடு பலன் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அது காணவில்லை. தொடங்குவதைவிடத் தொடர்வதும், வருகிறவருக்குச் சரியான பயிற்சியும்தான் கடினம் போலிருக்கிறது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் 2016இல் கிட்ஸ்டார்ட் என்ற பெயரில் அரசாங்கமே ஒரு திட்டம் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக்கு, தாய் கர்ப்பமாக இருக்கும்போதிருந்தே ஆள் வருகிறார். முதலில் ஏறக்குறைய 1,000 பிள்ளைகள், பிறகு விரிவாக்கினார்கள்.

மலேசியாவில் நமக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. பிரசவமாகி வீடு திரும்பினால் அரசாங்கக் கிளினிக் தாதி வீட்டுக்கே வந்து பார்க்கிறார். தொப்புள், மஞ்சள் காமாலை, தாயின் இரத்தப்போக்கு, பால் சுரப்பு எல்லாம் கவனிக்கிறார். எடை குறைந்த ஏழைக் குழந்தைகளுக்குச் சுகாதார அமைச்சு 1989 முதல் உணவுக் கூடை கொடுக்கும் திட்டம் நடத்தி வருகிறது. அதில் பால் மாவும் உண்டு. இவையெல்லாம் பொதுப் பணம்தான், யாரும் போட்ட பிச்சையல்ல. ஆனால் பிரசவத்துக்குப் பின் நடக்கும் அந்த வருகைகள் முதல் சில வாரங்களோடு முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்தான் கிளினிக்குக் போக வேண்டும். ஊசி போடும் நாளும் வேலை நாள்தான். ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் போயிற்று.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒரே ஒரு ஆயா. அழுத பிள்ளையை ஆட்டுவார், பால் கொடுப்பார், துடைத்துவிடுவார். பாவம், பேச அவருக்கு நேரம் ஏது? அப்படி வளர்ந்தும் நாங்கள் பேசக் கற்றுக்கொண்டோமே என்பீர்கள். அப்போது லயத்தில் பாட்டிமார் இருந்தார்கள், பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாசலில் கிடந்தோம். இப்போது பல தோட்டங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இருக்கிற குழந்தைக்குத் துணை கைத்தொலைபேசி.

எனவே நாம் கேட்க வேண்டியது பெரிய கட்டடமல்ல. தாதியின் வருகை நின்ற இடத்திலிருந்து குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை, வாரம் ஒரு மணி நேரம் லயத்துக்கு வரும் ஒரு பெண். தமிழ் பேசுகிறவராக, கூடுமானால் அதே தோட்டத்துப் பெண்ணாக இருக்கட்டும். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்! பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கொடுத்தால் அவர்களுக்கும் அது பிழைப்பு. தோட்ட நிர்வாகம் வாசல் தடுப்பைத் தூக்கி அவரை உள்ளே விட வேண்டும்.

தாய்மார்களே, உங்களிடமும் ஒன்று. வீட்டுக்கு யாராவது வந்தால் "பத்திரம் கேட்க வந்தவளோ, வீட்டைச் சோதிக்க வந்தவளோ" என்று கதவைச் சாத்தாதீர்கள். அப்படி வருகிறவரும் சட்டி பானையைப் பார்த்து முகம் சுளிக்கிறவராக இருக்கக் கூடாது. நான் அன்று செய்ததைச் செய்யக் கூடாது.

அந்தப் பையன் வீட்டுக்குப் பிறகு நானே போனேன், ஒரு ஞாயிறு மாலை. காலிப் பால் டின்னும் பத்துப் போத்தல் மூடிகளும் எடுத்துப் போனேன். வீட்டில் பதினாலு மாதத் தங்கை ஒருத்தி இருந்தாள். டின்னுக்குள் மூடியைப் போட்டேன், டங்கென்றது. அவளும் போட்டாள். "சிவப்பு மூடி எங்கே?" என்று தாயைக் கேட்கச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன்காரன், என் வகுப்பில் வாயே திறக்காதவன், "இங்க இருக்கும்மா" என்று எடுத்துக் கொடுத்தான்.

"அடுத்த ஞாயிறும் வருவீங்களா டீச்சர்?" என்று அந்தத் தாய் கேட்டார். அந்த லயத்தில் மட்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பதினொரு பேர். நான் இரண்டு மூன்று வீடு போகலாம், எல்லா வீட்டுக்கும் வாராவாரம் போக முடியாது. பதினொரு பேரின் வயதையும் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு ஒரு மனு தயாரித்துச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அந்தத் தாயாருடையது. பதில் வந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.