ஒரே வீட்டில் இரண்டு பந்தி

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டையில், ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில். ஞாயிறு காலையில் நான் சவேரியார் பேராலயத்துக்குப் பூசைக்குப் போவேன். என் கணவரும் அத்தையும் ஊசிக்கோபுரம் என்கிற சி.எஸ்.ஐ. பேராலயத்துக்கு ஆராதனைக்குப் போவார்கள். நான் நன்மை வாங்குவேன், அவர்கள் திருவிருந்து எடுப்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவு. அப்பத்தைப் பிட்டுத் தம் உடலென்றும், கிண்ணத்தைத் தம் இரத்தமென்றும் கொடுத்து, தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னார்.

என் ஆச்சி காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1953இல் தண்ணீருக்கு விலக்கு வந்தது. 1957இல் விரதம் மூன்று மணி நேரமானது. 1964இல் ஒரு மணி நேரமானது. ஆச்சி இந்தச் சலுகை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சாகும்வரை விடியற்காலைப் பூசைக்கு வெறும் வயிற்றோடுதான் போனாள். அப்பத்தைப் பல்லில் படாமல் நாக்கிலேயே கரைத்து விழுங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். புதுநன்மை நாளில் வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. ‘கிறிஸ்துவின் உடல்’ என்று சாமியார் சொல்ல, ‘ஆமென்’ என்றேன். எங்கள் விசுவாசம் முழுவதும் அந்த ஆமெனில் இருக்கிறது. பூசையில் சாமியார் இயேசுவின் வார்த்தைகளைச் சொன்னபின், கண்ணுக்குக் கோதுமை அப்பமாகத் தெரிந்தாலும் அது இயேசுவே. அதனால்தான் மீதி அப்பத்தைப் பேழையில் வைத்துப் பூட்டி, பக்கத்தில் விளக்கை அணையவிடாமல் காக்கிறோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அங்கிருந்துதான் நன்மை போகும்.

அத்தை திருவிருந்து எடுக்கத் தொடங்கியது திடப்படுத்தல் பெற்ற பிறகு. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிட்டு, உள்ளங்கையில் அப்பம் வாங்கி, ஒரே கிண்ணத்தில் எல்லாரும் பருகுவார்கள். நாங்கள் பெரும்பாலும் அப்பம் மட்டுமே வாங்குகிறவர்கள். அந்தப் பொதுக் கிண்ணத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கிறிஸ்து அந்தப் பந்தியில் மெய்யாகவே இருக்கிறார் என்பார் அத்தை. எப்படி என்று துருவ மாட்டார்.

அந்த ‘எப்படி’தான் சீர்திருத்தக்காரர்களையே பிரித்தது. 1529இல் மார்பர்க்கில் லூத்தரும் சுவிங்கிலியும் 15 கூறுகளில் 14இல் ஒத்துப்போய், அப்பத்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பதில் பிரிந்தார்கள். நம் மண்ணில் பந்தியைச் சாதியும் உடைத்தது. யார் முந்தி வாங்குவது என்பதே வழக்காக இருந்தது. சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது, தஞ்சாவூர்ப் பக்கம் பலர் அதற்கு இணங்காமல் சபையைவிட்டே விலகினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

ஆனால் ஒன்று சேர்த்தவர்களும் இங்கேயே பிறந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியாவும் மற்றவர்களும் 1919இல் தரங்கம்பாடியில் கூடி, தாங்கள் உண்டாக்காத பிரிவினைகள் தங்களைப் பலவீனப்படுத்துவதாக அறிக்கை விட்டார்கள். சபைகள் ஒன்றாவதைக் காணாமலே அசரியா 1945இல் மறைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் ஒரே சபையானார்கள். அதுதான் என் கணவர் குடும்பத்தின் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை.

கத்தோலிக்கர் அதில் இல்லை. எங்கள் திருச்சபைச் சட்டப்படி நான் ஊசிக்கோபுரத்தில் வாங்கக் கூடாது. என் கணவருக்கு இங்கே கொடுக்க மாட்டார்கள். சபைகள் ஒன்றாகாதபோது ஒன்றானதுபோல் பந்தியில் கூடுவது பொருந்தாது என்பது காரணம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் 2015இல் ரோமில் உள்ள லூத்தரன் ஆலயத்துக்குப் போப் பிரான்சிஸ் போனபோது, கத்தோலிக்கரை மணந்த ஒரு லூத்தரன் பெண், கணவரோடு சேர்ந்து நன்மை வாங்க வழியில்லையா என்ற என் கேள்வியைத்தான் கேட்டார். போப் தடையை நீக்கவில்லை. ஆண்டவரோடு பேசி முன்னே செல்லும்படி சொன்னார். 2018இல் ஜெர்மன் ஆயர்கள், இப்படிப்பட்ட தம்பதியரை ஒவ்வொருவராக விசாரித்து அனுமதிக்க வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள்.

எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் பிரிவு, சாகும் தறுவாயில் உள்ள பிற சபையாருக்குச் சில நிபந்தனைகளோடு நன்மை கொடுக்க இப்போதே இடம் தருகிறது. என் கணவருக்காக அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. நம் ஆயர்களும் இதைப் பேச எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.