காக்கா ஏமாந்தது சரி... பாட்டிக்கு யார் பதில் சொல்றது?

'ரெண்டாங்கிளாஸ் பாட்டுதானே மச்சி... அஞ்சு நிமிஷ மேட்டர்!' இப்படிச் சொல்லிக்கிட்டு என்.எஸ்.எஸ். கேம்ப்லயோ, தெருமுனை ட்யூஷன் சென்டர்லயோ பொடிசுகளுக்கு நடுவுல கெத்தா போய் உட்கார்ந்திருக்கீங்களா? அரை மணி நேரத்துல சட்டை நனைஞ்சு வெளியே வந்திருப்பீங்களே! கவலைப்படாதீங்க, அந்த லிஸ்ட்ல நானும் இருக்கேன். மேத்ஸ் அரியரைக்கூட ராத்திரி முழுக்க முழிச்சுப் படிச்சு க்ளியர் பண்ணிடலாம். ஏழு வயசுப் பையனுக்கு நாலு வரிப் பாட்டைப் புரிய வைக்கிறது இருக்கே... அதுக்கு கைடே கிடையாது.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். செகண்ட் இயர் படிக்கும்போது ஏழு நாள் கேம்ப். ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கூடத்துல தங்கினோம். பகல்ல முள்ளுச்செடி வெட்டறது, சாயங்காலம் பசங்களுக்குக் கதை சொல்றது. மூணாம் நாள் என் முறை. எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை ஃபுல் ஆக்‌ஷனோட எடுத்து விட்டேன். கோடையில வெட்டுக்கிளி பாடிட்டுத் திரியுது, எறும்பு தானியம் சேர்க்குது, குளிர் காலத்துல வெட்டுக்கிளி பட்டினி. கைதட்டல் பிச்சுக்கிச்சு. அந்த ஜோர்ல, 'ஆக, உழைக்கிறவங்களுக்குக் கஷ்டமே வராது!'ன்னு ஒரு ஃபினிஷிங் டச் குடுத்தேன்.

கடைசி வரிசையில இருந்து ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு எழுந்துச்சு. 'எங்கப்பா தெனம் மூட்டை தூக்குறாருண்ணே. மழை பேஞ்சா எங்க வூட்ல சோறு இல்லியே, ஏன்?'

எனக்குப் பதில் தெரியலை. 'சரி சரி, உட்காரும்மா'ன்னேன். உட்கார்ந்துடுச்சு. மீதி நாலு நாளும் அந்தப் பொண்ணு தவறாம வந்துச்சு. ஆனா, ஒரு வார்த்தை பேசலை.

யோசிச்சுப் பாருங்க... நான் சொன்ன நீதியை அந்தக் குழந்தை எப்படி எடுத்துக்கிட்டிருக்கும்? 'உங்கப்பா சரியா உழைக்கலை'ன்னுதானே! கதையில தப்பு இல்லை. கதைக்கு நான் ஒட்டின வால்லதான் தப்பு. நீதியைத் தூக்கிக் குழந்தை தலையில வைக்கிறதுக்கு முன்னாடி, அது எந்த வீட்டுலேர்ந்து வந்திருக்குன்னு தெரிஞ்சுக்காம போனேன் பாருங்க, அதைத்தான் உங்களைப் பண்ண வேணாம்னு கேட்டுக்கறேன்.

இத்தனைக்கும் நீதிக்கதைன்னாலே நல்லவன் ஜெயிப்பான், கெட்டவன் தோப்பான்ங்கிற கதைகள் மட்டும் இல்லை. பஞ்சதந்திரத்தையே எடுத்துக்குங்க. படிப்பு ஏறாத மூணு இளவரசர்களை ஆறே மாசத்துல தேத்திக் காட்டறேன்னு விஷ்ணுசர்மாங்கிற வாத்தியார் சவால் விட்டதாத்தான் அந்தப் புத்தகம் ஆரம்பிக்குது. பக்கா க்ராஷ் கோர்ஸ்! அதுல சிலபஸ் என்ன தெரியுமா? யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது, பலசாலியை எப்படிச் சமாளிக்கறது... எல்லாமே உலகத்துல பொழைக்கிற வழி. 8-ம் நூற்றாண்டுலயே அரபு மொழிக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா வரைக்கும் அந்தக் கதைகள் சுத்தினதுக்குக் காரணமே அந்தக் கெட்டிக்காரத்தனம்தான். அதைப் போய், 'பொய் சொல்லாதே'ங்கிற ஒத்தை வரிக்குள்ள அடைக்கிறோம் நாம!

அதனால, கதை முடிஞ்சதும் 'இதிலிருந்து நாம் அறியும் நீதி யாது?'ன்னு கேக்கறதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்களேன். அந்தக் கேள்விக்குப் பசங்க மனப்பாடமா பதில் வெச்சிருக்காங்க. நீங்க வேற எந்தக் கதை சொன்னாலும் அதே பதில்தான் வரும். பதிலா, பாதியிலயே கதையை நிறுத்துங்க. காக்கா வாயில வடை, கீழே நரி. 'இப்ப நீ காக்காவா இருந்தா என்ன பண்ணுவே?' அவ்வளவுதான், கூரை பிச்சுக்கும். வடையைக் காலுக்கடியில வெச்சுக்கிட்டுப் பாடுவேன்னு ஒருத்தன் சொல்வான். பாதி வடை நரிக்குக் குடுப்பேன்னு இன்னொருத்தி. 'பாவம் பாட்டி, அவங்களுக்கு யார் காசு குடுப்பா?'ன்னு ஒண்ணு கேட்டுச்சுன்னா, அங்கே கொஞ்சம் நில்லுங்க. ஈசாப் பேர்ல வர்ற கதையில பாட்டியே கிடையாது. காக்கா வாயில பாலாடைக் கட்டியோ, இறைச்சித் துண்டோதான் இருக்கும். நம்ம ஊருக்கு வந்த பிறகுதான் அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, பாட்டி எல்லாம். ஆனா ஏமாத்தின நரியையும் ஏமாந்த காக்காவையும் பத்தியே பேசிட்டு, முதல்ல பறிகொடுத்த ஆளை நாம மறந்தே போயிடறோம். வடை சுட்டு விக்கிற அம்மா இருக்கிற குழந்தை அதை மறக்காது!

எறும்புக் கதையைச் சொல்லியே ஆகணும்னா, கூடவே லியோ லியோனி 1967-ல் எழுதின 'ஃப்ரெடெரிக்' கதையையும் சொல்லுங்க. மத்த எலிகள் தானியம் சேர்க்கும்போது ஃப்ரெடெரிக்ங்கிற எலி வெயிலையும் வண்ணங்களையும் வார்த்தைகளையும் சேர்க்குது. குளிர் காலத்துல தானியம் தீர்ந்த பிறகு, அது பேசப் பேச மத்த எலிகளுக்கு உடம்பே கதகதப்பாகுது. ரெண்டு கதையையும் சொல்லிட்டு நீங்க வாயை மூடிக்குங்க. சண்டையை அவங்க போடட்டும்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். இங்கே சிக்கலே வேற. ஔவையாரோட ஆத்திசூடியில 109 வரி. அகரவரிசையில ஆரம்பிக்கறதால எழுத்து படிக்கிற வயசுக்குச் சரியான ஏற்பாடு. ஆனா நிறைய வரிகள் 'ஏல்'னு முடியும். 'செய்யாதே'ங்கிறதுக்கான பழைய வடிவம் அது. நமக்குப் பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்க, பொடிசுகளுக்குத் தெரியாது. முதல் வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கிட்டு, எதைச் செய்யக்கூடாதுன்னு பாட்டி சொன்னாங்களோ, அதைச் செய்யச் சொல்றதா நினைச்சுக்கும்! இதுக்கு இலக்கண க்ளாஸ் எடுக்காதீங்க, விளையாட்டு ஆக்கிடுங்க. ஓடேல்னா ஓடாதே. இதை ஒரு தடவை சொல்லிட்டு, 'இப்ப நீங்க சொல்லுங்க'ன்னு விடுங்க. அடியேல், கிள்ளேல், துப்பேல்னு வகுப்பே கிளம்பிடும். பக்கத்துல இருக்கறவனைப் பார்த்து யார் எதைச் சொல்றாங்கன்னு கவனிச்சா, வகுப்போட பாதி அரசியல் உங்களுக்குப் புரிஞ்சிடும்.

இன்னொண்ணு. 'ங' எழுத்துக்குன்னு வர்ற வரிக்குப் பெரியவங்களே ரெண்டு விதமா பொருள் சொல்றாங்க. அதனால, ஒரு குழந்தை நீங்க நினைச்ச அர்த்தத்தைச் சொல்லலைன்னா உடனே சிவப்பு மை பேனாவை எடுக்காதீங்க. ஏன் அப்படித் தோணுச்சுன்னு கேளுங்க. அகரவரிசை அறிவுரை ரொம்பப் பழசுன்னு யாராவது சொன்னா, பாரதியார் 110 வரியில 'புதிய ஆத்திசூடி' எழுதினாரே, அதையும் காட்டுங்க. காலம் மாறினா அறிவுரையும் மாறும்னு பசங்களுக்கு இதைவிட ஈஸியா காட்ட முடியாது.

சின்னப் பசங்களுக்குப் பாட்டு தேடுறவங்க அழ.வள்ளியப்பாவை விட்டுடாதீங்க. இந்தியன் வங்கியில வேலை பார்த்துக்கிட்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதின மனுஷர், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை ஆரம்பிச்சவர். அவர் பாட்டுல கஷ்டமான வார்த்தையைத் தேடித்தான் பிடிக்கணும். முதல் தடவை அர்த்தமே சொல்லாம, கைதட்டிக்கிட்டே மூணு தரம் பாடுங்க. தாளம் உடம்புல ஏறினதும், அடிக்கு அடி ஒரே மாதிரி ஒலிக்கிற எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எதுகை, மோனைங்கிற பேர் அப்புறம் தானா வரும். பேரை முதல்ல சொன்னீங்க... கொட்டாவிதான்!

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்தக் குழந்தைக்குப் படிக்க வருதான்னு பாருங்க. அஞ்சாங்கிளாஸ்ங்கிறதாலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கும்னு நினைச்சுடாதீங்க. 'அசர்' சர்வேக்காரங்க செய்யற மாதிரி ஒவ்வொரு குழந்தையையும் தனியா கூப்பிட்டு எழுத்து, வார்த்தை, ஒரு பத்தி, ஒரு குட்டிக் கதைன்னு படிக்கச் சொல்லுங்க. எங்கே தடுக்குதோ, அங்கேர்ந்துதான் உங்க வேலை. வார்த்தையிலயே திணர்ற குழந்தைகிட்ட, 'கவிஞர் என்ன சொல்ல வர்றார்?'னு கேட்டா அது ஜன்னலைத்தான் பார்க்கும். அதுக்குன்னு கதையை அதுகிட்டேர்ந்து பறிக்காதீங்க. படிக்க வராத குழந்தைக்குக் கேக்க வரும். என்னை மடக்கின அந்தப் பொண்ணுக்குக்கூட 'கிணறு'ன்னு எழுத வராது.

நமக்கெல்லாம் இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டுல 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினப்போ, ப்ளஸ் டூ முடிச்சிருந்தாலே ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரைக்கும் சொல்லிக் குடுக்கலாம்னுதான் தன்னார்வலர்களைக் கூப்பிட்டாங்க. உங்க க்ளாஸ்லயே அதுல சாயங்காலம் சொல்லிக் குடுத்தவங்களோ, அதுல உட்கார்ந்து படிச்சவங்களோ இருக்கலாம். விசாரிச்சுப் பாருங்க, நான் சொன்னதைவிட நல்ல ஐடியா அவங்ககிட்ட இருக்கும்.

கடைசியா ஒரு ப்ராக்டிகல் டிப். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பசியோட வர்ற பசங்ககிட்ட வடைக் கதை சொல்றது பெரிய பாவம். சொல்லித்தான் ஆகணும்னா போற வழியில வடை வாங்கிட்டுப் போயிடுங்க. எண்ணி வாங்குங்க. இருபத்தி மூணு பேருக்கு இருபத்தி ரெண்டு வாங்கிட்டுப் போய் நான் பட்ட பாடு... அதுல யார் நரி, யார் காக்கான்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை!