சின்ன பானட்டுக்குள் ஆறு சிலிண்டர்

குறுங்கோண ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றதும் கார் பிரியர்கள் சொல்லும் பெயர் விஆர்6. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1991-ல் பஸாட், கொராடோ கார்களில் இதை அறிமுகப்படுத்தியது. வழக்கமான வி6 இன்ஜினில் இரண்டு சிலிண்டர் வரிசைகளும் 60 அல்லது 90 டிகிரி கோணத்தில் விரிந்து நிற்கும். விஆர்6-ல் அந்தக் கோணம் வெறும் 15 டிகிரிதான்.

இப்படி நெருக்கியதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை. முன்சக்கரங்களால் ஓடும் சிறிய கார்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதை ஒட்டி கியர்பாக்ஸ். ஆறு சிலிண்டர்களையும் நேர்வரிசையில் நிறுத்தினால் நீளம் இடிக்கும். வி6 நீளத்தில் குட்டை, ஆனால் அகலம் அதிகம். தவிர, அதற்கு இரண்டு சிலிண்டர் ஹெட் வேண்டும், புகைக்குழாய்களும் இரு பக்கமாகப் பிரிந்து போக வேண்டும். செலவும் கூடும், எடையும் கூடும். நான்கு சிலிண்டர் இன்ஜினை மனதில் வைத்துக் கட்டிய கோல்ஃப் போன்ற காருக்கு நேர்வரிசை, வி6 இரண்டுமே ஒத்துவராது.

பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் முன்வரிசைப் பையன்களின் தோள் இடைவெளியில் பின்வரிசைப் பையன்கள் முகம் காட்டுவார்கள். விஆர்6-ன் சிலிண்டர்கள் நிற்பதும் அந்த மாதிரிதான். ஒரு வரிசையில் மூன்று, அவற்றின் இடைவெளிகளில் அடுத்த வரிசையின் மூன்று. இதில் மிச்சமாகும் நீளத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிஎம்டபிள்யூவின் 2.5 லிட்டர் எம்50 நேர்வரிசை இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 84 மி.மீ.; ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 91 மி.மீ. ஃபோக்ஸ்வாகனின் 3.2 லிட்டர் விஆர்6-லும் விட்டம் அதே 84 மி.மீ. ஆனால் நீளவாக்கில் மையத்துக்கு மையம் 65 மி.மீ. மட்டுமே. முதல் சிலிண்டரின் விளிம்பிலிருந்து கடைசி சிலிண்டரின் விளிம்பு வரை அளந்தால் பிஎம்டபிள்யூவில் 539 மி.மீ., இதில் 409 மி.மீ. முழுதாக 13 செ.மீ. மிச்சம். பானட்டுக்குள் இது சின்ன விஷயமில்லை.

நெருக்கினால் வேறொரு சிக்கல் வரும். இரு வரிசைகளும் கீழ்நோக்கிச் சாய்ந்து கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்திலேயே சந்தித்தால், சிலிண்டர்களின் அடிப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதும். அதனால் இரு வரிசைகளின் அச்சுகளும் கிராங்க் மையத்திலிருந்து சற்று விலக்கி வைக்கப்பட்டுள்ளன. அவை சந்திக்கும் புள்ளி கிராங்க்குக்குக் கீழே விழுகிறது. கிராங்க் ஷாஃப்ட்டை ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனித்தனி கிராங்க் பின். எதிரெதிர் வரிசை பின்களை 22 டிகிரி தள்ளி அமைத்ததால், 120 டிகிரிக்கு ஒருமுறை சீராக எரிப்பு நடக்கிறது. எரிப்பு வரிசையும் நேர்வரிசை ஆறு சிலிண்டருக்குரிய 1-5-3-6-2-4 தான். சமநிலையில் நேர்வரிசை ஆறு சிலிண்டரின் கச்சிதத்தை விஆர்6 முழுதாக எட்டவில்லை. ஆனாலும் ஓடும் மென்மையில் கிட்டத்தட்ட அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

வடிவமைப்பின் சாமர்த்தியம் மேலே, சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. இரு வரிசைக்கும் சேர்த்து ஒரே ஹெட். அது தட்டையாக உட்காருவதால், சாய்ந்து நிற்கும் சிலிண்டர்களுக்கேற்ப பிஸ்டன்களின் தலையைச் சரிவாகச் சீவியிருக்கிறார்கள். தொடக்கத்தில் வந்த 12 வால்வு இன்ஜினில் வரிசைக்கொரு கேம் ஷாஃப்ட். பின்னர் வந்த 24 வால்வு இன்ஜினில் ஒரு கேம் ஷாஃப்ட் காற்று உள்ளே வரும் வால்வுகள் அனைத்தையும், மற்றொன்று புகை வெளியேறும் வால்வுகள் அனைத்தையும் இயக்கியது. வழக்கமான இரட்டை கேம் வி6-ல் நான்கு கேம் ஷாஃப்ட் செய்யும் வேலை இங்கே இரண்டில் முடிந்தது. 2.8 லிட்டர் இன்ஜினின் திறனும் 174 குதிரைத்திறனிலிருந்து 204 ஆக உயர்ந்தது.

கோல்ஃப் விஆர்6 மணிக்கு 225 கி.மீ. வேகம் வரை போனது. அந்த அளவுக் காரில் ஆறு சிலிண்டர் என்பது அன்றைக்கு அரிது. ஆனால் ஒரே ஹெட்டில் காற்று ஒரு பக்கம் நுழைந்து, புகை மறுபக்கம் போவதால் ஒரு வரிசைக்குக் காற்றுப்பாதை குட்டை, புகைப்பாதை நீளம். மற்ற வரிசைக்கு நேர்மாறு. பொறியாளருக்கு இது தலைவலி. விஆர்6-க்கே உரிய உறுமலுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், ரசிகர்கள் குறையாகவே எண்ணுவதில்லை.

மெக்கானிக்குகளின் பார்வை வேறு. டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினையோ அதன் பிளாஸ்டிக் தாங்கிகளையோ மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கித்தான் ஆக வேண்டும். பாகத்தின் விலையை விடக் கூலி அதிகம். சிலிண்டர் விட்டத்தை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் வழியில்லை. 3.6 லிட்டர் இன்ஜினில் விட்டத்தை 89 மி.மீ. ஆக்கியபோது, கோணத்தை 10.6 டிகிரியாக மாற்றி முழு வடிவமைப்பையும் திருத்த வேண்டியிருந்தது.

குறுங்கோண யோசனை ஃபோக்ஸ்வாகனுடையது மட்டுமல்ல. இத்தாலியின் லான்சியா 1922-லேயே லாம்டா காரில் சுமார் 13 டிகிரி கோணத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தியது. 1963-ல் வந்த ஃபுல்வியாவும் அதே வழியில் வந்ததுதான்; அதன் கூபே 1972-ல் மான்டி கார்லோ ராலியை வென்றது. ஃபோக்ஸ்வாகன் அந்த யோசனையை ஆறு சிலிண்டருக்கு விரித்து, பிறகு இரண்டு விஆர்6-களைச் சேர்த்து 12 சிலிண்டர் இன்ஜினும் செய்தது. 2005-ல் வந்த புகாட்டி வேரானின் 16 சிலிண்டர் இன்ஜினும் இதே குடும்பத்தின் வாரிசு: எட்டு எட்டாக இரண்டு 15 டிகிரி தொகுதிகள்.

இவ்வளவு திறமையாகக் கட்டிய இன்ஜினை ஓரங்கட்டியது டர்போ. வட அமெரிக்காவில் விற்கும் அட்லஸ் எஸ்யூவியில் 3.6 லிட்டர் விஆர்6 கொடுத்தது 276 குதிரைத்திறன். 2024 மாடலில் அதன் இடத்தைப் பிடித்த 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின் கொடுப்பது 269. முறுக்கு விசையில் டர்போவே ஒரு படி மேல்.