ஜன்னல் திரை பாவாடையாகும் முன்

தையல் மிஷின் இருக்கிற வீட்டில் எந்தத் துணியும் நிம்மதியாகப் பரணில் கிடக்க முடியாது. மாற்றிக் கழற்றிய ஜன்னல் திரை, நடுவில் நைந்துபோன போர்வை விரிப்பு, சோபா உறைக்கு வாங்கி மிஞ்சிய ஒன்றரை மீட்டர், அம்மா கட்டி ஓய்ந்த பூனம் சேலை என்று எதைப் பார்த்தாலும் கை கத்தரிக்கோலைத் தேடும். நல்ல ஆசைதான். கடையில் கிடைக்காத பூ, கடையில் கிடைக்காத வெட்டு. செலவு நூலுக்கும் எலாஸ்டிக்குக்கும் மட்டும். 1965இல் வந்த ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் மரியா திரைச்சீலையை வெட்டி ஏழு பிள்ளைகளுக்கும் விளையாட்டு உடுப்பு தைத்ததைப் பார்த்து ஏங்காத தையல்காரி உண்டா? ஆனால் அந்தப் பிள்ளைகள் மரமேறினார்கள், படகு கவிழ்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றவில்லை, பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகவில்லை.

ஜன்னல் திரையை நெய்தவர் வெயிலையும் தூசியையும் நினைத்து நெய்தார்; இடுப்பையும் அடுப்பையும் சக்கரத்தையும் அல்ல. அந்தத் துணியை உடம்புக்குக் கொண்டுவரும்போது யோசிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தால் அவர் தலையிலும் கொஞ்சம் விழுகிறது. அதைச் சட்டமும் சொல்கிறது.

முதலில் வெட்டு. 90க்கு 100 அங்குல இரட்டைக் கட்டில் விரிப்பில் ஒட்டுப்போடாத முழுவட்டப் பாவாடை ஒன்று வரும். இடுப்பில் எலாஸ்டிக் வைப்பதானால் நடுவட்டத்தை இடுப்பளவுக்கு வெட்டக் கூடாது. பிருஷ்ட அளவுக்கு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏறாது. அந்த அளவு 38 அங்குலம் என்றால் 6.28ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6. அதுதான் நடுவட்டத்தின் ஆரம். நீளம் 36 வைத்தால் குறுக்களவு 84. மடித்துத் தைக்கவும் இடம் மிஞ்சும். நான்கு அடி அகலத் திரை இரண்டு இருந்தால் வட்டமே வேண்டாம். இரண்டையும் இணைத்துச் சுருக்கு வைத்தால் 96 அங்குலச் சுற்றளவு, அடியில் பழைய சேலை பார்டர், பக்கவாட்டில் தலையணை உறையில் வெட்டிய பாக்கெட். நம் ஊர் ரெடிமேட் பாவாடைகளுக்குப் பாக்கெட் வைக்கக் கூடாது என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. வீட்டில் தைப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

வெட்டுவதற்கு முன் இரண்டு காரியம் உண்டு. துணியை வெளிச்சத்தில் பிடித்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். பல வருஷம் வெயிலில் தொங்கிய திரை பார்வைக்குப் புதிதாக இருக்கும். இழை நைந்திருக்கும், உட்கார்ந்து எழும்போது கிழியும். வெள்ளைத் துணியை நனைத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். புதுத் துணியில் மிஞ்சியதானாலும் ஒருமுறை துவைத்த பிறகே தைக்க வேண்டும். சுருங்காமலிருக்கப் போடும் ரசாயனங்கள் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். வெயிலை மறைக்கப் பின்புறம் பூச்சு போட்ட தடித்த திரையை அறவே விட்டுவிடலாம். வியர்வை வெளியேறாது, இஸ்திரிப் பெட்டி பட்டால் ஒட்டிக்கொள்ளும், நம் வெயிலுக்கு அது தண்டனை.

இனி நெருப்பு. இந்தக் கட்டுரையை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். உங்கள் துணி என்ன இழை என்று தெரியாமல் பாவாடை தைக்காதீர்கள். துணியின் ஓரத்தில் அச்சடித்திருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பாவு நூலும் ஊடு நூலும் வேறு வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டிலும் ஒவ்வொன்று. எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் தண்ணீர், சாமணத்தில் பிடித்த நூல், அருகில் பிள்ளைகள் இல்லாத இடம். பருத்தி காகிதம்போல் எரிந்து, காகிதம் எரிந்த வாசனையோடு, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றமடிக்கும், நெருப்பை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். பாலியஸ்டரும் நைலானும் நெருப்பைக் கண்டு சுருங்கும், உருகும், ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். உருகிய அந்தச் சொட்டுதான் தோலில் விழுந்து ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடுவது.

‘காட்டன் என்றால் பயமில்லை’ என்று வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதி உண்மை. பருத்தி உருகாது, ஆனால் எரியும். மெல்லிய, தளர நெய்த பருத்தி வேகமாகவே எரியும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி இன்னும் மோசம். பருத்தி இழை கருகியபடி நின்று, உருகும் பாலியஸ்டரைக் கீழே சொட்டவிடாமல் தாங்கி எரிய வைக்கும், விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்து எரிவதைப் போல. படுக்கை விரிப்புகளில் இந்தக் கலப்பு ஏராளம்.

இழை பாதிதான்; மீதி வெட்டு. பாவாடை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு காற்று உள்ளே நிற்கும், அவ்வளவு தூரம் ஓரம் உடம்பைவிட்டு விலகி நிற்கும். உடுத்தியவருக்குத் தெரியாமல் நெருப்பைத் தொடுவது அந்த ஓரம்தான். நம் வீடுகளில் விளக்கு மேசைமேல் இல்லை, தரையில் இருக்கிறது. கார்த்திகை அகல், கொலுவுக்கு முன் குத்துவிளக்கு, தீபாவளிப் புஸ்வாணம், எல்லாமே பாவாடை ஓரத்தின் உயரத்தில் எரிகிறவை. பாவாடை விரிந்து நிற்க உள்ளே வைக்கும் ‘கேன்கேன்’ வலைக்குப் பதிலாக மிஞ்சிய கொசுவலையைச் செருகிவிடுகிற சிக்கன யோசனையும் சிலருக்கு வரும். குழந்தைக்குத் தைக்கும் பாவாடையில் அதை வைக்கவே கூடாது. தீபாவளிக்கு விரியாத, கணுக்காலுக்கு மேல் நிற்கும் பருத்திப் பாவாடை போதும். திரைச்சீலைப் பாவாடைக்கு வேறு நாள் இருக்கிறது.

பாவாடையில் தீப்பிடித்துவிட்டால் ஓடக் கூடாது. ஓட ஓட நெருப்பு மேலேறும். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். அல்லது தடித்த பருத்திப் போர்வையால் மற்றவர்கள் மூட வேண்டும். எலாஸ்டிக் இடுப்பின் அருமை இங்கே தெரியும். கழற்ற முடிந்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். இறுகிய நாடா முடிச்சை அந்த நேரத்தில் யாராலும் அவிழ்க்க முடியாது. பிறகு ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். குழந்தையானால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு மற்ற உடம்பைக் குளிராமல் போர்த்துங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வளையல், மெட்டி, கொலுசை வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். மை, பற்பசை, தோசை மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி 108ஐக் கூப்பிடுங்கள்.

‘இது போலீஸ் கேஸ், இங்கே சேர்க்க முடியாது’ என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்ப முடியாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உயிரைக் காக்கும் முதல் சிகிச்சையைத் தாமதமின்றித் தரவேண்டும், காகித வேலை பிறகுதான் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. தீக்காயம் என்றால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது வழக்கமான நடைமுறை. அதற்குப் பயந்து நடந்ததை மாற்றிச் சொல்லாதீர்கள்.

அடுத்தது பைக். விரிந்த பாவாடையும் பின்சக்கரமும் சந்தித்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. பலருக்குத் தெரியாதது வேறு. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி. கைப்பிடியும் கால்மிதியும்கூட அதே விதியில் வருகின்றன. அதாவது நாம் ‘சாரி கார்டு’ என்று சொல்வது வண்டிக்காரர் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் அலங்காரச் சாமான் அல்ல. புது வண்டி எடுக்கும்போது அது பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அழகு கெடுகிறது என்று கழற்றிப் போடும் தம்பிகளிடம், அதைத் திரும்ப மாட்டும்வரை பின்னால் ஏறமாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

காப்பீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருக்கிற இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்காருபவருக்கு அந்தக் காப்பீடு பொறுப்பேற்காது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுக் காப்பீடு எடுத்திருந்தால் நிலைமை வேறு. பாவாடை சிக்கி விழுந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இடுப்புக்கு வருவோம். திரையில் ஏற்கெனவே இருக்கிற உலோக வளையங்களில் கயிறு கோத்து, அதையே நாடாவாக்கிவிடும் யோசனை பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் வளையத்தில் நிக்கல் இருந்தால் பலருக்குத் தோல் தடிக்கும். தொங்கும் நீளக் கயிறு பேருந்துக் கதவிலும் ஊஞ்சலிலும் எஸ்கலேட்டரிலும் மாட்டும். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நாடாவை ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதாலும் ஒரு கேடு உண்டு. வார்தா, மதுபனி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2024இல் ‘பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ்’ இதழில் இரண்டு மூதாட்டிகளைப் பற்றி எழுதினார்கள். பாவாடை நாடா உராய்ந்து உராய்ந்து ஆறாத புண்ணாகி, அந்தப் புண் தோல் புற்றாகியிருந்தது. அரிதான நோய்தான், பீதி வேண்டாம். இடுப்பில் கறுத்துத் தடித்த வரியோ ஆறாத புண்ணோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், இடுப்புப் பட்டையை அகலமாக வையுங்கள். மீந்த துணியில் இரண்டங்குலப் பட்டை வெட்டுவது ஒன்றும் பெரிய காரியமல்ல.

இனி, வீட்டில் மிஷின் இல்லாதவர் கதை. துணியைத் தையல்காரரிடம் கொடுத்த கணத்திலிருந்து அது உங்கள் சொத்து, அவர் பொறுப்பில். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை ஒப்படைப்பு என்கிறது. தன் சொந்தப் பொருளை ஒரு நிதானமான ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்தக் கவனத்தோடு அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டியது போக மிஞ்சிய துணியும் உங்களுடையதே, கேட்டு வாங்கலாம். அவருக்கும் உரிமை உண்டு. தைத்து முடித்த பாவாடையைக் கூலி வரும்வரை அவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கடனுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் முடியாது. இதற்கு அந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தரும் உதாரணமே கோட்டு தைக்கும் ஒரு தையல்காரர்தான்.

கூலிக்குத் தைப்பது சேவை. அளவு தவறியது, சூடுபட்டுப் பொசுங்கியது, தொலைந்தது, சொன்ன தேதிக்கு வராதது எல்லாம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு ஆகலாம். திருமணத்துக்குள் ரவிக்கை தைத்துத் தராத தையல்காரர் இழப்பீடு தரவேண்டும் என்று அகமதாபாத் நுகர்வோர் ஆணையம் 2025இல் உத்தரவிட்டது செய்திகளில் வந்தது. ரசீது தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. ‘துணிக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் நீங்கள் ஆணையத்துக்குப் போவதை அந்த வரி தடுக்காது.

ஆனால் நியாயமாகவும் இருப்போம். இருபது வருஷத் திரையைக் கொடுத்துவிட்டு, ஊசி ஏறும் இடமெல்லாம் கிழிகிறது என்று தையல்காரர் மேல் பாய்வது சரியல்ல. என்ன துணி, எத்தனை வருஷம் பழையது, துவைத்ததா என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர் ‘இது தாங்காதும்மா’ என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். டேப் வைத்துத் துணியைப் படமெடுத்து, மாதிரியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் சாட்சி இருக்கும். பெரும்பாலான தகராறு ஓர் ஆல்ட்ரேஷனில் முடிந்துவிடும், முடிய வேண்டும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் இணையவழியும் பதியலாம்.

தைத்துப் பிழைக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒற்றை மிஷின் வைத்திருந்தாலும் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. பதிவு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில்.

நுகர்வோர் புகாருக்கு வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. குறைபாடு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் வேண்டுமென்று தோன்றினால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.