செங்காந்தள்: பூ வாசலில் இருக்கட்டும், கிழங்கு அடுப்பங்கரைக்கு வேண்டாம்



லயத்து வீடானாலும் தாமான் வீடானாலும் வாசலில் நாலு பூச்செடி இல்லாவிட்டால் நமக்கு மனசு ஒப்பாது. மல்லிகையும் செம்பருத்தியும் எல்லாரும் வைக்கிறோம். சில வீட்டு வேலியில் மட்டும் ஒரு கொடி ஏறி, தீச்சுடர் மாதிரி மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்கும். அதுதான் செங்காந்தள். கார்த்திகைப் பூ என்பார்கள், கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காட்டோரத்திலும் வேலியிலும் யாரும் நடாமலே முளைக்கிற கொடி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலில் வருவது இதுவே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான்.

இத்தனை பெருமையுள்ள பூவுக்குச் சுகாதாரப் பகுதியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது வெறும் பேச்சு. ஆனால் கிழங்கு ஆளைக் கொல்லும் என்பது வெறும் பேச்சு இல்லை.

முதலில் வளர்க்கும் விதம். கிழங்கு விரல் பருமனில், கலப்பை மாதிரி வளைந்திருக்கும். அதனால் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. அதன் நுனியில்தான் முளை வரும். நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து மண்ணை மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பினாங்கு மழையைச் சொல்ல வேண்டுமா? மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது அடியில் ஓட்டையுள்ள சட்டியில் மணல் கலந்து வையுங்கள். ஏறுவதற்குக் கம்பியோ குச்சியோ போதும். இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிடும். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது.

ஆபத்து ஆரம்பிப்பது இங்கேதான். அடுத்த வருஷம் நடலாம் என்று கிழங்கைத் தோண்டி, வள்ளிக்கிழங்கும் இஞ்சியும் கிடக்கும் கூடையிலேயே போட்டு வைக்கிறோம். வேலை முடிந்து அலுத்து வந்து, மங்கிய வெளிச்சத்தில் சமைக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா? இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு. பிழைத்த ஒருவருக்கு உடம்பு முடி பெருமளவு உதிர்ந்த கதை 1966-லேயே ஒரு பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வந்தது.

கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அதுவே அளவோடு கொடுத்தால் கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அதற்காகத்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் இக்கொடியைப் பயிரிட்டு விதையை விற்கிறார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வீட்டில் அரைத்து அளவு பார்க்க முடியாது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வலிக்கு, பிரசவத்துக்கு என்று யார் பக்குவம் சொன்னாலும், சொன்னவர் பாட்டியாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

இது ஏமாற்றுகிற நஞ்சு. தின்றவுடன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைப்போம். வாந்தி நின்றால் தேவலை என்போம். ஆனால் உடம்பில் புதுசு புதுசாக உண்டாகும் அணுக்களை, குடலிலும் எலும்பு மச்சையிலும், இந்த நஞ்சு தடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளில் ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகமும் இதயமும் கெடும். ஆகவே பிள்ளை வாயில் வைத்தது தெரிந்தால், சிரித்து விளையாடினாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளிக்கரைசலையும் இளநீரையும் நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். மீதிக் கிழங்கையோ கொடியையோ பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள், டாக்டருக்கு அதுவே பாதி வேலை. வண்டி இல்லையா, 999-ஐக் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு காலத்தில் டேவிட் பிரௌன் துரையின் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டமாக இருந்த கெலுகோரில் இப்போது யுனிவர்சிட்டி சயின்ஸ் மலேசியா நிற்கிறது. அதற்குள்ளே 1994-ல் ஏற்பட்டது தேசிய நஞ்சு மையம், மலாயில் பூசாட் ராச்சுன் நெகாரா. எந்த நஞ்சு, என்ன செய்வது என்று டாக்டர்களும் கேட்கலாம், நாமும் கேட்கலாம். கிளைச் செயலாளர்கள் அதன் தொலைபேசி எண்ணை விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடட்டும். சந்தாக் கணக்கு போடுகிற அதே பலகைதான்!

கிழங்கைத் தொடும்போது கையுறை போட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். எடுத்த கிழங்கைத் தகர டின்னில் போட்டு, மேலே சிவப்புச் சாயத்தில் 'நஞ்சு' என்று எழுதி, வீட்டுக்கு வெளியே எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆடு மாடு மேயும் இடத்தில் நட வேண்டாம், அவைகளும் சாகும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்தக் கொடியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கொடி ஆசை விடவில்லையென்றால் சங்குப்பூ நடுங்கள். நியோனியா பலகாரத்துக்கு நீல நிறம் கொடுக்கிற பூங்கா தெலாங் அதுதான். பூவைத் தின்னலாம், விதையையும் வேரையும் தின்றால் வயிறு போகும், அவ்வளவுதான்.